ஊற்றை விட்டுவிட்டு ஓவியத்தை வாங்குகிறவர்கள்

சென்ற ஆண்டு சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது, பழங்குடிக் கலைக் கண்காட்சி ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனாள். குளிரூட்டிய கூடம். ஒரு சுவர் முழுக்கக் குறும்பர் ஓவியங்கள். செம்மண் நிறத்தில் மெலிந்த மனிதர்கள், வட்டமாக ஆடும் பெண்கள், பாறை விளிம்பில் தொங்கும் தேனடை, கொடியைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி இறங்கும் ஒருவன். எங்கள் மலைச் சரக்கு. பார்த்ததும் மனசு நிறைந்துதான் போனது, அதை மறைக்கப் போவதில்லை. கழுத்தில் அட்டை தொங்க விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த தம்பி எங்களிடமும் வந்தார். “அப்படியே ஆஸ்திரேலிய அபாரிஜினல் டாட் பெயின்டிங் மாதிரி இருக்குல்ல சார்? ஆதி மனுஷனோட மனசு உலகம் பூரா ஒண்ணுதான்” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

“இதுல எங்கப்பா புள்ளி இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

தம்பி கோபப்படவில்லை, சிரித்தார். இது எந்த ஊர் ஓவியம் என்று கேட்டேன். “ஊட்டி பக்கம் சார்.” ஊட்டி பக்கம் என்று ஓர் ஊர் கிடையாது. படத்துக்குக் கீழே விலை இருந்தது, வரைந்தவர் பெயர் இருந்தது, ‘நீலகிரி’ என்று இருந்தது. அவ்வளவுதான். அந்த மண் எந்தச் சரிவிலிருந்து எடுத்தது, அந்தச் சரிவுக்கு இன்று அவர் போய்வர முடிகிறதா, அவர் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது. ஓவியத்தை ரசிக்க அதெல்லாம் எதற்கு?

நான் அரவேணுக்காரன். படகன். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியார். ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்குப் பெரிய தகுதி இல்லை. எங்கள் மலைத் தண்ணீரைப் பற்றிப் பேச உண்டு. ஆனால் சாட்சிக் கூண்டில் நின்றா, மற்றக் கூண்டில் நின்றா என்பதை வாசகர் பிறகு முடிவு செய்துகொள்ளட்டும். அந்தத் தம்பி சொன்ன ஒப்புமை கண்ணுக்குப் பொய். கண் போகாத ஓர் இடத்தில் அது உண்மையாக இருந்திருக்க வேண்டும். அங்கே இல்லை என்பதுதான் என் புகார்.

*

ஆஸ்திரேலியாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு படித்தது. ஒப்பிடுகிறவர்கள் அதைக்கூடப் படிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த நாட்டின் நடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில், பப்புன்யா என்று ஒரு குடியேற்றம். பாலைவனத்தில் திரிந்து வாழ்ந்த பல மொழிக்காரர்களை அரசாங்கம் ஒரே இடத்தில் கொண்டுவந்து அடைத்த ஊர். 1971-இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் அங்கே போகிறார். பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரப் போனவர், மண்ணில் விரலால் கோடு போட்டுக் கதை சொல்லும் அவர்கள் வழக்கத்தைக் கவனிக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைகிறார்கள். பிறகு கிடைத்த பலகை, அட்டை எல்லாவற்றிலும் வரைகிறார்கள். அடுத்த ஆண்டே ஓவியர்களின் சொந்தக் கூட்டு நிறுவனம் ஒன்று உருவாகிறது. இன்று உலக அருங்காட்சியகங்களில் தொங்கும் ‘புள்ளி ஓவியம்’ என்ற பேரலை அங்கே கிளம்பியதுதான். அதற்கு வயது ஐம்பத்து சொச்சம். ஆதி மனுஷன் மனசு என்று அந்தத் தம்பி சொன்னது என்னை விட இளையது.

அந்தச் சுவரோவியத்தை 1974-இல் அதிகாரிகள் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

புள்ளிக்கும் ஒரு காரணம் உண்டு. ஆரம்பகாலப் பலகைகளில் வெளியாட்கள் பார்க்கக் கூடாத சடங்குச் சின்னங்கள் சில வெளிப்பட்டுவிட்டன என்று அவர்களுக்குள்ளேயே சச்சரவு எழுந்தது. அதன் பிறகு மறைக்க வேண்டியதை மறைப்பதற்குத்தான் புள்ளிகள் பெருகின என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் அழகு என்று ரசிப்பது ஒருவேளை நம் முகத்தின் முன் போட்ட திரை.

திரைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது என்ன தெரியுமா? தண்ணீர். பாலைவனத்தில் உயிர் பிழைப்பது என்றால் எந்தப் பாறை இடுக்கில், எந்த மணல் படுகைக்கு எத்தனை முழம் கீழே நீர் இருக்கிறது என்று தெரிந்திருப்பது. அந்த அறிவுதான் பாட்டாக, ஆட்டமாக, மணல் கோடாக, கடைசியில் ஓவியமாக இருக்கிறது. வட்டத்துக்குள் வட்டம் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஓர் ஊற்று அல்லது ஒரு தங்குமிடம். முன்னோர் அங்கே வந்தார்கள், இறங்கினார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஜானி வரங்குலா ஜுபுருலா என்பவர் 1972-இல் வரைந்த காலிப்பின்பா என்ற மழைத் தலத்தின் ஓவியம் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அப்போது அவருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படுவது 150 டாலர். 1997-இல் ஏலத்தில் அது 2,06,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. மூன்றே வருஷத்தில், 2000-இல், 4,86,500 டாலர். மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் அப்போது அந்த நாட்டில் இல்லை. 2001-இல் அவர் இறந்துபோனார். ஐந்து சதவீதம் தர வேண்டும் என்ற சட்டம் 2009-இல் எழுதப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஒரு தண்ணீர்த் துறையின் படம் யார் யார் கையிலோ மாறி லட்சங்களைச் சம்பாதித்தது, அந்தத் தண்ணீரின் வாரிசுக்கு ஒன்றுமில்லை. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு போதும்.

ஆனால் கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பாலைவனத்தின் வடமேற்கில் இன்னொன்று நடந்தது.

1906-இல் ஆல்ஃபிரட் கேனிங் என்ற அளவையாளர், மாடு ஓட்டிச் செல்லும் பாதை ஒன்றை வகுக்கக் கிளம்பினார். நீளம் 1,850 கிலோமீட்டர். வழியெல்லாம் மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டும். அவர் கண்டுபிடித்த வழி இது: அந்த நிலத்து மனிதர்களைப் பிடித்துச் சங்கிலியால் கட்டினார். உப்பு தின்னக் கொடுத்தார். தாகம் தாங்காமல் அவர்களே ஊற்றுக்குக் கூட்டிப்போவார்கள். 1908-இல் இது பற்றி விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது, அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. பிறகு அவர் அந்த ஊற்றுகளின் மேலேயே சுமார் 50 கிணறுகள் வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். முன்னோரின் பெயர் இருந்த இடத்தில் ‘கிணறு எண் இத்தனை’ என்று ஆகிவிட்டது.

அதே பெரும் மணல் பாலைவனத்து மக்கள் 1990களில் நிலவுரிமை கேட்டார்கள். 1992-இல் வந்த மாபோ தீர்ப்பும் அடுத்த ஆண்டு வந்த பூர்வீக நிலவுரிமைச் சட்டமும் கதவைத் திறந்திருந்தன. ஆனால் விசாரணை ஆங்கிலத்தில், சர்வே வரைபடத்தை வைத்துக்கொண்டு, வக்கீல் பாஷையில். கிழவர்களும் கிழவிகளும் யோசித்தார்கள். நாங்கள் வரைந்து காட்டுகிறோம் என்றார்கள். 1997-இல் பிர்னினி என்ற இடத்தில் ஏறக்குறைய எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் துணியைத் தரையில் விரித்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து உட்கார்ந்து வரைந்தார்கள். அவரவர் குடும்பத்து நீரை அவரவர் வரைந்தார்கள். வற்றாத ஊற்றுக்கு அவர்கள் மொழியில் ‘ஜிலா’ என்று பெயர். உள்ளே மழையைக் கொண்டுவரும் பாம்பு இருக்கிறது. அந்நியரை அழைத்துப் போனால் முதலில் அவரை நீரிடம் அறிமுகப்படுத்த வேண்டும். மழைக்குப் பிறகு சில காலம் மட்டும் தோண்டினால் ஊறுவது ‘ஜுமு’. விசாரணைக் குழுவினர் வந்தபோது ஒவ்வொருவராக எழுந்து, துணியின் மேல் நடந்து, தன் ஊற்றின் மேல் நின்று, தன் மொழியில் பேசினார்கள். இங்கே என் அப்பா, இங்கே என் பாட்டி. பத்து வருஷம் ஆனது. 2007 நவம்பரில் 70,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலம் அவர்களுடையது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த ஓவியம் சுவரில் மாட்டுவதற்காக வரையப்படவில்லை, அது பத்திரம். ஓவியத்தைப் பத்திரமாக வாசிக்க அந்த அரசு கற்றுக்கொண்டது. நூறு வருஷம் சங்கிலியோடு அலைந்த பிறகு, அரைகுறையாக, முக்கலும் முனகலுமாக. ஆனாலும் கற்றுக்கொண்டது.

*

இப்போது எங்கள் மலைக்கு வருவோம்.

குறும்பர் ஓவியம் என்று விற்கப்படுவதற்கு வேர் இரண்டு இடத்தில். ஒன்று, பாறை. கோத்தகிரி வட்டாரத்து வெள்ளரிக்கொம்பைக்கு அருகே எழுத்துப்பாறை இருக்கிறது. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் தென்னிந்தியாவிலேயே பெரியது என்று சொல்லப்படும் பாறை ஓவியத் தொகுப்பு இருக்கிறது. அதன்மேல் பெயர் கிறுக்கிவிட்டுப் போன நம் சுற்றுலா வீரர்களின் கைவண்ணமும் இருக்கிறது. இன்னொன்று, வீட்டுச் சுவரும் கோயில் சுவரும். ஆலுக் குறும்பர்களில் பூசை செய்யும் குடும்பத்தார் விழாக் காலத்தில் சுவரில் வரைவார்கள். செம்மண், வெள்ளை மண், கரிமரப் பட்டை, காட்டு அவரை இலை என்று நிறங்கள் எல்லாம் கைக்கெட்டும் சரிவிலிருந்து வந்தவை. வேங்கை மரத்துப் பிசினும் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளில், தொண்டு நிறுவனங்களின் முயற்சியாலும் வெள்ளரிக்கொம்பை ஆர். கிருஷ்ணன் போன்ற கலைஞர்களாலும் அது தாளுக்கும் துணிக்கும் வந்தது. நல்ல காரியம்தான். அதனால் சில வீடுகளில் அடுப்பு எரிகிறது, அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகும்.

நான் குறை சொல்வது வாங்குகிறவர்களை. அவர்கள் கேட்பது தேன், நடனம், யானை. ஆகவே தேனும் நடனமும் யானையும் வரையப்படுகின்றன. ஒரு பாடல், ஒரு பயணம், ஓர் எல்லை என்று நிலத்தின் மேல் உரிமை சொல்லும் எதையும் அவர்கள் கேட்டதில்லை. பாலைவனத்தாருக்கு நேர்ந்ததில் முதல் பாதி மட்டும் இங்கே நடந்திருக்கிறது. சுவரிலிருந்து தாளுக்கு வந்தது, தாளிலிருந்து வரவேற்பறைக்குப் போனது. வரவேற்பறையிலிருந்து கிராம சபைக்கும் தாசில்தார் மேஜைக்கும் போகும் இரண்டாம் பாதி நடக்கவே இல்லை.

இனி என் விஷயம்.

1990 வாக்கில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு குறும்பர் பையன் இருந்தான். கணக்கு வராது. வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஒருநாள் சத்துணவுக் கூடத்துப் பின்சுவரில் கரியாலும் செம்மண்ணாலும் பெரிதாக ஒரு மலையை வரைந்து, அதிலிருந்து கீழே வளைந்து வளைந்து கோடுகள் இழுத்திருந்தான். மறுநாள் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். பையனுக்கு உள்ளங்கையில் ரெண்டு அடி கொடுத்தேன். அவன் கையிலேயே வாளியைக் கொடுத்துச் சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். சுவர் பளிச்சென்று ஆனது, அதிகாரி பாராட்டினார். பப்புன்யாவில் பார்டன் போன்ற ஒரு வாத்தியார் இருந்தார், அரவேணுவில் நான் இருந்தேன். பப்புன்யாச் சுவரை மறைத்த அதிகாரிகளை நான் திட்டினால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. ‘அவன்’ என்றே எழுதிப் பழகிவிட்டது. எழுதும்போதுதான் உறைக்கிறது, என் வகுப்பில் படித்த படகர் வீட்டுப் பையன்கள் இந்த வயதில் எனக்கு ‘அவர்’ ஆகிவிட்டார்கள். இனி அவர் என்று எழுதுகிறேன். அவர் ஊரின் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து மாசக் காலண்டர் தாள்கள் நான்கைப் பின்புறமாக ஒட்டிய ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். முன்பக்கம் லட்சுமியும் முருகனும். பின்பக்கம் மலை. அதே மலை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நான் சுண்ணாம்பு அடிக்க வைத்த அதே வளைவுகள். வளைவுகளின் தலைப்பில் எல்லாம் நீல மையில் சின்னச் சின்ன வட்டம்.

“என்னப்பா இது?”

“ஊத்துங்க வாத்தியாரே. எங்க பாட்டன் காட்டுனது. நான் நடந்து பாத்து வரைஞ்சேன். பேரெல்லாம் தமிழ்ல எழுதித் தரணும். மனுவோட வெக்கணும்னு சொல்றாங்க.”

எண்ணினேன். பத்தொன்பது. கரடி தண்ணி குடிக்கிற இடம், காட்டு வாழை நிக்கிற இடம், பெரிய மழையில பாறை சாஞ்ச இடம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வட்டத்தில் விரலை வைத்தபோது, “இதுக்குப் பேர் வேண்டாங்க. அது எங்க ஆளுங்களுக்கு மட்டும்” என்றார். வெறும் வட்டமாக விட்டேன். புள்ளிகள் ஏன் பெருகின என்று புத்தகத்தில் படித்தபோது புரியாதது அப்போது கொஞ்சம் புரிந்தது.

கீழே ஓரிடத்தில் அருவி வரைந்திருந்தார். “கேத்தரின் பால்ஸ் தானே?” என்றேன். சிரித்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது. கோத்தகிரியில் காப்பி பயிரிட்ட காக்பர்ன் துரையின் மனைவி பெயர் கேத்தரின். அரவேணுவுக்குப் பக்கத்தில் 250 அடி விழும் எங்கள் அருவிக்கு அந்த அம்மாள் பெயர். எங்கள் படகு மொழியில் அதற்குக் கெத்தெஹாட ஹள்ள என்று பெயர் இருக்கிறது, பள்ளத்தின் அடியில் ஓடும் ஆறு என்பது போல. என் பேரன்களுக்கு அது தெரியாது. டால்பின்ஸ் நோஸ் முனையில் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அதே தண்ணீர்தான் கல்லாறாக இறங்கிப் பவானியில் சேர்கிறது. கிணறு எண் இத்தனை என்று நம்பர் போட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்வது சுலபம். நாங்கள் நம்பர் போடவில்லை, துரைசாணி பெயரை வைத்துக்கொண்டு மறந்துபோனோம்.

தாளின் வலது பக்கத்தில் இருந்த ஒரு வட்டத்தைக் காட்டிவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார்.

“வாத்தியாரே, இது உங்க தோட்டத்துல வருது. போடலாங்களா?”

*

படகர்களான நாங்கள் தண்ணீரைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். எங்கள் மூதாய் ஹெத்தை நீரில் இறங்கி மறைந்தாள் என்றுதான் ஒரு வழக்கு. வருஷா வருஷம் வெள்ளை உடுத்திப் பேரகணிக்கு நடந்து போகிறோம். குறும்பர்களோடு எங்களுக்கு இருந்த உறவும் அந்த மாதிரி இரண்டு முகம் கொண்டது. குறும்பர் வந்து முதல் பிடி விதையைத் தூவாமல் எங்கள் முன்னோர் விதைக்க மாட்டார்கள். அதே குறும்பர் சூனியம் வைத்துவிட்டார் என்று சொல்லி, 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் குடியிருப்புகளில் புகுந்து ஆட்களைக் கொன்றது மாவட்ட நூல்களில் பதிவாகியிருக்கிறது. எங்கள் சங்கக் கூட்டங்களில் முதல் விஷயத்தைப் பெருமையாகப் பேசுவோம். இரண்டாவதைப் பேசி நான் கேட்டதில்லை. எங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்கும் மேடைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கேட்பது தப்பில்லை. பட்டியலில் ஏற்கனவே இருப்பவரின் ஊற்று நம் வேலிக்குள் இருக்கும்போது கேட்பதுதான் உறுத்துகிறது.

ஆம், அந்த ஊற்று எங்கள் வேலிக்குள் இருக்கிறது. 1970களில் அப்பா வாங்கிய ஒன்றரை ஏக்கர். கையெழுத்துப் போட்டு, காசு கொடுத்து, முறைப்படி வாங்கியது. ஓடைக் கரை வரை தேயிலை வைத்தார், எல்லோரும் வைத்தது போல. ஊற்றைச் சுற்றி இருந்த நாணலையும் சதுப்பையும் எடுத்துவிட்டுத் தொட்டி கட்டினார். பிறகு தம்பி மோட்டார் போட்டான். பசுந்தேயிலைக்கு விலை விழுந்த வருஷங்களில் கேரட் போட்டு அந்தத் தண்ணீரால்தான் தலை நிமிர்ந்தோம். கோடையில் கீழே என்ன மிச்சம் போனது என்று நாங்கள் இறங்கிப் பார்த்ததில்லை. கதவுக்குப் பூட்டு வேறு.

இந்த மலையில் மழைக்குப் பஞ்சமில்லை, இரண்டு பருவமும் பெய்கிறது. மழையைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது சோலையும் புல்வெளியும் சதுப்பும். கோத்தகிரியின் லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் தண்ணீர் பிடித்துத் தருகிறது. 2024-இல் ராம்சர் தலமாக அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினோம். அதைவிடச் சின்ன ஆயிரம் சோலைகளையும் சதுப்புகளையும் வெட்டிச் சமன் செய்துதான் நாங்கள் நாங்களானோம் என்பது கை தட்டும் சத்தத்தில் கேட்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் 2008-இல் வந்தன. விதி 13-ஐ நம் ஓவிய ரசிகர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். சமூக உரிமைக்கு எவையெல்லாம் ஆதாரம் என்ற பட்டியல் அது. மனிதருக்கும் கால்நடைக்கும் பயன்படும் நீராதாரங்கள், கிழங்கு எடுக்கும் இடங்கள், புனித மரங்கள், தோப்புகள், குளங்கள், ஆற்றோரங்கள், இடுகாடுகள், பெரியவர்களின் வாக்குமூலம். அதாவது பிர்னினியில் துணி விரித்து வரைந்தது எதுவோ அதையேதான் நம் விதியும் கேட்கிறது! இன்னும் ஒருபடி மேலே போய், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற, அரசே தனிக் கவனம் வேண்டும் என்று வகைப்படுத்தியிருக்கும் குடிகளுக்கு வாழிட உரிமை என்று ஒன்றையும் அந்தச் சட்டம் பேசுகிறது. ஒரு குடி உலவிய நிலப்பரப்பு முழுவதின் மேலும் உள்ள உரிமை. மத்தியப் பிரதேசத்தில் பைகாக்களில் ஒரு பகுதியினருக்கும் பாதாள்கோட் பாரியாக்களுக்கும் அது வழங்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் 2008-இல் போட்ட தடையால் பட்டா கொடுக்கும் வேலையே முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகுதான் நகர்ந்தது. அந்த எட்டு வருஷமும் குறும்பர் ஓவியக் கண்காட்சிகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற அதிகாரி, இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தண்ணி எல்லாருக்கும் பொது சார். ஆளுக்கொரு ஊத்தைப் பட்டா போட்டா மேட்டுப்பாளையத்துக்காரன் எங்க போவான்?” நல்ல கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எஸ்டேட் டாங்க்குக்கும் ரிசார்ட் தொட்டிக்கும் எங்கள் மோட்டாருக்கும் ‘பொது’ என்ற வார்த்தை இடைஞ்சல் செய்யவில்லை. குறும்பர் பேர் எழுத வரும்போது மட்டும் தண்ணீர் திடீரென்று எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. அந்த உரிமையை விற்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது என்று சட்டமே சொல்கிறது. கேட்கப்படுவது உடைமை இல்லை. அந்த நீரின் மேல் யாராவது கை வைக்கும் முன் எங்களைக் கேள் என்பது. ஆறு மேலே செத்துப்போனால் மேட்டுப்பாளையத்துக்காரருக்கு மிஞ்சுவது மணல்தான். அதனால் அவருக்கும் சேர்த்தே கேட்கப்படுவது.

இன்னொரு ஆட்சேபம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. குறும்பர் மரபு ஓவியத்தில் ஊற்றுப்படம் என்று ஒரு வகை இல்லையே, காலண்டர் தாளில் ஒருவர் மனுவுக்காக வரைந்ததைக் கலை மரபோடு முடிச்சுப் போடலாமா? போடலாம் என்றுதான் நினைக்கிறேன். எட்டு மீட்டர் துணியில் வரைவதும் பாலைவன மரபில் இல்லாததுதான். மணலில் வரைந்து காற்றுக்கு விட்டவர்கள் அவர்கள். தேவை வந்தபோது கை பழகிய கோட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஆள் கேட்பதும் அதுதான். அவரைத் தேனும் நடனமும் மட்டும் வரையச் சொல்லி ‘மரபு’ என்ற வேலிக்குள் நிற்க வைப்பது, என்னுடைய சுண்ணாம்பு வாளியைவிடக் கொஞ்சம் நாகரிகமான வாளி. அவ்வளவே.

ஆகவே கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும், அரசு கைவினைத் துறைக்கும், வாங்கி மாட்டுகிற என் மகளுக்கும் (அன்று ஒன்று வாங்கினாள்) நான் கேட்பது இது. படத்தின் கீழே விலையோடு அந்த ஊரின் பெயரைப் போடுங்கள். அந்த ஊர் கொடுத்த சமூக உரிமை மனு எந்த மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் போடுங்கள். பட்டறை நடத்தும்போது ஒரு நாளாவது, விற்பனைக்கு இல்லாத படம் ஒன்றை, ஊர் கூடி, தங்கள் தண்ணீரையும் எல்லையையும் வரைய விடுங்கள். அதை வாங்கக் கேட்காதீர்கள். கிராம சபைத் தீர்மானத்தோடு இணைக்க உதவுங்கள். மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு கொடுங்கள், ஜானி வரங்குலாவின் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டாம். இதெல்லாம் கலைக்கு அப்பாற்பட்ட அரசியல் என்று தோன்றினால், ஆஸ்திரேலியாவின் பெயரைச் சொல்லாமலாவது இருங்கள்.

என் ஊற்றுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அது பட்டா நிலம், வன நிலம் இல்லை. சட்டம் என்னைத் தப்ப விட்டுவிட்டது. அன்று மாலை “போடுப்பா” என்று சொன்னேன். அவர் போட்டார், பழைய பெயரைச் சொன்னார், எழுதினேன். ஐம்பது வருஷமாக எங்கள் குடும்பம் அதை ‘மோட்டார் குழி’ என்று சொல்லி வந்திருக்கிறது. பூட்டின் இன்னொரு சாவியை அவரிடம் கொடுத்தேன். கோடையில் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று தம்பியிடம் பேச்செடுத்தேன். “அண்ணா, உனக்குப் பென்ஷன் வருது, எனக்குக் கேரட் வருது” என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால் வாதம் முடியவில்லை. இப்போதைக்கு என்னோடு பேசுவதில்லை.

கிராம சபைக் கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. ஒருமுறை அதிகாரி வரவில்லை, ஒருமுறை சாலையில் மண் சரிந்துவிட்டது. வரைபடம் என் அலமாரியில் இருக்கிறது. அவர் வீட்டில் ஓட்டுக்கு அடியில் ஒழுகுகிறதாம், நனைந்துவிடும் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.